மூட்டை கட்டாத வீடு

கிடங்கில் அவளுக்குப் 'பார்சல்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மேலாளர்கூட "பார்சலை வரச் சொல்லு" என்றுதான் சொல்வார். பீங்கான் தட்டு, கண்ணாடித் தம்ளர், பிடி வைத்த கோப்பை, இவற்றையெல்லாம் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி அனுப்புகிற கிடங்கு அது. மற்ற பெண்கள் தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்குவார்கள். இவள் நிறுத்தி வைப்பாள். படுத்த தட்டின் மேல் அடுத்த தட்டின் பாரமும் ஏறும், நிற்கிற தட்டு தன் பாரத்தோடு தப்பித்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி. பெட்டியை மூடுமுன் காதருகே வைத்து ஒருதரம் ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுவாள்.

"இவ கட்டிட்டா பூகம்பமே வந்தாலும் கோப்பை தூங்கிட்டுதான் இருக்கும்" என்பாள் பக்கத்தில் டேப் ஒட்டுகிறவள்.

இப்படி யார் யார் வீட்டுச் சாமானையோ பத்திரமாக அனுப்பி வைத்தவளுக்குத் தன் வீடு நிலைக்கவில்லை. புருஷன் என்று ஒருத்தர் இருந்தார். தூரத்தில் வேலை, நல்ல வருமானம் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் போன் குறைந்தது, பிறகு பேச்சு குறைந்தது, கடைசியில் ஆளே இல்லாமல் போனார். அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சொன்னால் எனக்குத்தான் வாயில் ஏதாவது வந்துவிடும்.

அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய மாடிக் கட்டடம். ஒரு மழைக்காலத்தில் மாடிப்படிச் சுவரில் மெல்லிசாக ஒரு விரிசல் விழுந்தது. ஓனர் அதன் மேல் சுண்ணாம்பைப் பூசினார். அடுத்த மழைக்கு அதில் விரல் நுழைந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, சாயங்காலத்துக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கட்டடமே தலையில் அடித்துக்கொண்டு அழுதது. அவள் அழவில்லை, அதற்கு நேரமில்லை. கிடங்கிலிருந்து பழைய பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, சில நீல நைலான் கயிறுகளை வைத்துக்கொண்டு, மளமளவென்று வீட்டையே கட்டி முடித்துவிட்டாள். மற்றவர்கள் சாமான்கள் தெருவில் நொறுங்கிக் கிடந்தபோது அவளுடைய ஒரு கோப்பைக்கும் கீறல் விழவில்லை. அவற்றைக் கொண்டுபோய் வைக்கத்தான் இடமில்லை.

விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் ஓடி வந்தாள். புருஷனின் தங்கை. அண்ணன் செய்துவிட்டுப் போனதற்கெல்லாம் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக் குன்றிப்போகிறவள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒற்றை அறை வீட்டில் அவளும் கணவனும், படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரும் இருந்தார்கள். மூட்டைகளையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரியவ என்கிட்ட இருக்கட்டும் அண்ணி. பரீட்சை முடியட்டும். அதுக்குள்ள உங்களுக்கு ஒரு இடம் அமைஞ்சிரும்."

பெரியவளுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு அத்தை பின்னால் போனாள். தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சின்னவள் மூன்று வயது, அம்மா இடுப்பிலேயே தூங்கிவிட்டாள். அந்தப் பரீட்சை முடிந்தது. அதற்கடுத்த பரீட்சையும் வந்து முடிந்தது.

பெரிய வீதியில் ஒரு கோயில், இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிவாசல், சந்தைக்குப் பின்னால் ஒரு தேவாலயம். மூன்று இடத்துக்காரர்களும் சேர்ந்து, வீடில்லாமல் நிற்கிற குடும்பங்களுக்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். எந்தக் கூடத்தையும் நிரந்தரமாகக் கொடுத்துவிட முடியாது. கல்யாணம் வரும், வகுப்பு வரும், கூட்டம் வரும். அதனால் ஒரு வாரம் கோயில் மண்டபம், ஒரு வாரம் பள்ளிவாசல் மாடி, ஒரு வாரம் தேவாலயத்துக் கூடம். சாப்பாடும் படுக்கையும் அந்தந்த இடத்தார் பொறுப்பு. மூன்று மதத்துக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டை இல்லாமல் முடித்த காரியம் அந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான். கழிப்பறையைக் கழுவுவது யார் என்பதில் மட்டும் கொஞ்சம் உரசல் இருந்தது, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

அவளை இதில் சேர்த்துவிட்டது தேவாலயத்துப் பாஸ்டரம்மா. கட்டடம் காலியான அன்று மாலை டீ கொடுக்க வந்த அந்த அம்மாள், அட்டைப்பெட்டிகளின் நடுவே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "எழுந்திரிங்க சிஸ்டர், முதல்ல குழந்தைக்கு ஒரு கூரை, மத்ததெல்லாம் அப்புறம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை இடம் மாறும் நாள். தேவாலயத்தில் அன்று ஜெபம், கோயிலில் அன்று கூட்டம் அதிகம். ஓய்வாக இருக்கிற ஒரே ஆள் பள்ளிவாசல் வேனை ஓட்டுகிறவர். அவரை எல்லோரும் 'வேன் பாய்' என்பார்கள். காலையில் வந்து இரண்டு தடவை குட்டையாக ஹாரன் அடிப்பார். அதற்குள் மடக்குக் கட்டில்களை மடக்கி, துணிமணியைக் கட்டி, தரையைத் துடைத்து, கூடத்தை வந்தபோது இருந்தபடியே ஆக்கிவிட வேண்டும். சுவரில் ஆணி கூடாது, டேப் கூடாது. ஒருமுறை சின்னவள் கிறுக்கிய ஒரு பூனைப் படத்தை அம்மா சுவரில் ஒட்டியிருந்தாள். ஞாயிறு காலை அவளே அதைச் சுரண்டி எடுத்தாள். யாரும் அதட்டவில்லை. ஒட்டியதற்கு அவளே வெட்கப்பட்டாள்.

மற்ற குடும்பங்கள் ஹாரன் சத்தம் கேட்டபிறகுதான் அலறிப் புடைத்துக்கொண்டு கட்டுவார்கள். அவள் அதற்கு முன்பே எல்லாவற்றையும் கதவோரம் அடுக்கி, சின்னவளுக்குச் செருப்பு மாட்டி, பெட்டியின் மேல் உட்கார வைத்திருப்பாள். அந்த நீலக் கயிறுகளை ஒருபோதும் வெட்டியதில்லை. முடிச்சு எவ்வளவு இறுகினாலும் நகத்தால் நெம்பி அவிழ்த்து, சுருட்டி, அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்வாள்.

"உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா நான் வேனை ஓட்டிக்கிட்டே தூங்கலாம் தங்கச்சி" என்பார் வேன் பாய்.

வேனில் ஏறியதும் சின்னவள் கேட்பாள்: "இன்னிக்கு எந்த சாமிம்மா?"

அவள் எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் குழப்பிக்கொண்டு, கோயிலில் தீபம் காட்டும்போது உரக்க ஆமென் சொல்லி, செயலாளரையே சிரிக்க வைத்தவள். கும்பிடச் சொன்னால் கும்பிடுவாள், முழந்தாள் போடச் சொன்னால் போடுவாள், எங்கே என்ன பலகாரம் கிடைக்கும் என்பதை மட்டும் தெளிவாக நினைவில் வைத்திருந்தாள்.

மூன்று இடத்திலும் நல்லவர்கள் இருந்தார்கள். அதைப் பார்சல் எப்போதும் மறுத்ததில்லை. சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். வீடு மாதிரி, வீடு மாதிரி என்று கேட்டுக் கேட்டு, வீடு என்று ஒன்று அந்த ஊரிலேயே இல்லையோ என்று தோன்றிவிடும். கூடத்தின் விளக்கை யாரோ ஒருவர் வந்து அணைப்பார். எந்த நேரத்தில் இருட்ட வேண்டும் என்பதுகூட அவள் கையில் இல்லை.

அவள் ஏங்கியது பெரிய மாளிகைக்கு அல்ல. பெரியவள் தூக்கத்தில் புரண்டு படுப்பாள், அப்போது வளையல் சுவரில் தட்டும். அந்தச் சத்தம் வேண்டும் அவளுக்கு. காலையில் "என் சாக்ஸ் எங்கம்மா" என்று ஒரு கத்தல் வேண்டும். கிடங்கில் கோப்பைகளை ஜோடி ஜோடியாகத் தாளில் சுற்றும்போதெல்லாம் பெரியவள் நினைவு வரும். இரண்டு பிள்ளைகளில் ஒன்றை வெளியே விட்டுவிட்டு, இன்னொன்றை மட்டும் பொத்திப் பொத்திக் கட்டிக்கொண்டு அலைகிறோமே என்று இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானங்களில் நாத்தனார் வீட்டுக்குப் போவாள். ஆரம்பத்தில் பெரியவள் வாசலிலேயே நின்றுகொண்டு, "எப்பம்மா கூட்டிட்டுப் போவ?" என்று கேட்பாள். அப்புறம் வாசலில் நிற்பதை விட்டாள். அப்புறம் கேட்பதையும் விட்டாள். கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் தவித்தவள், கேட்காதபோது அதைவிட அதிகமாகத் தவித்தாள். ஒருநாள் சீப்பை எடுத்துக்கொண்டு பெரியவளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள்.

"அத்தை வேற மாதிரி பின்னுவாங்கம்மா. பரவாயில்ல, நீங்க பின்னுங்க" என்றாள் பெரியவள்.

அதுவரை அவளை 'நீ' என்றுதான் பிள்ளை கூப்பிட்டு வந்தது. இந்த 'நீங்க' எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. மரியாதை கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பின்னி முடித்தாள். நாத்தனார் அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. அவளுக்கும் காது இருந்தது.

விடுமுறையில் ஒருமுறை பெரியவள் தங்க வந்தாள். அந்த வாரம் கோயில் மண்டபம். முதல் நாள் தங்கச்சியோடு தூணைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடினாள், நன்றாகத்தான் இருந்தாள். ஞாயிறு காலை கண் விழித்துப் பார்த்தபோது அவள் படுத்திருந்த கட்டிலைத் தவிர எல்லாம் மடக்கிக் கட்டியிருந்தது. அம்மா கையில் கயிற்றோடு அவள் எழுந்திருக்கக் காத்துக்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்த அந்தச் சாயங்காலம் பிள்ளைக்கு ஞாபகம் வந்துவிட்டது. வேனில் அத்தை வீடு வந்து சேரும்வரை தேம்பித் தேம்பி அழுதாள்.

"இனிமே நான் வர மாட்டேன். நீங்க மூட்டை கட்டிட்டே இருக்கீங்க."

"சரிடி கண்ணு. மூட்டை கட்டாத வீடு கிடைச்சாதான் உன்னைக் கூப்பிடுவேன். சத்தியமா" என்றாள் அவள்.

அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டிய வேன் பாய் அன்று சாயங்காலமே பாஸ்டரம்மாவிடமும் கோயில் செயலாளரிடமும் போய், "படுக்க இடம் குடுத்துட்டோம்னு நாம திருப்தியா இருந்தா எப்படி? அந்தப் புள்ளைக்கு வீடு வேணும்" என்று ஒரு பிடி பிடித்தார். அதற்கு முன்பும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று பேரும் வேலை வெட்டியை விட்டுவிட்டுத் தேடினார்கள். தனியாக இருக்கிற பெண்ணா, அதுவும் மண்டபத்தில் தங்கியிருக்கிறவளா என்று ஒவ்வொரு ஓனரும் இழுத்தார். சிலர் இழுக்காமலே கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் ஒரு டயர் கடைக்காரர். கடைக்கு மேல் இரண்டு மாடி, அதில் மேல்மாடியில் ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, சமையலறை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கடை வாசலில் போய் நின்றார்கள்.

"மூணு பேரையும் ஒண்ணா பாத்ததும் நான் என்ன பாவம் பண்ணேன்னு பயந்துட்டேன்" என்றார் அவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சரி, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் யாருகிட்ட வந்து கேக்குறது?"

"எங்க மூணு பேர்ல யாருகிட்ட வேணா வாங்க. மூணு இடத்துலயும் கதவு தொறந்துதான் இருக்கு" என்றார் பாஸ்டரம்மா.

டயர் கடைக்காரருக்கு அதற்கு மேல் மறுக்கத் தெரியவில்லை. சாவி கைக்கு வந்தது.

சாவி வந்த அன்றே அவள் நாத்தனார் வீட்டுக்குப் போன் செய்தாள். பெரியவள்தான் எடுத்தாள்.

"வீடு கிடைச்சிருச்சுடி."

பிள்ளை கேட்டது: "எத்தனை நாளைக்கும்மா?"

"நாளெல்லாம் கிடையாது. நம்ம வீடு. நம்மளா போனாதான் உண்டு."

"சரி. ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்."

வந்து பார்க்கிறாளாம். வருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். நாத்தனார் குரல் வந்தது. "அண்ணி, நான் இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. அவளா முடிவு பண்ணட்டும்." சொல்லிவிட்டுப் போனைச் சட்டென்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை குடி வந்தார்கள். மூன்று இடத்தாரும் சாமான் கொடுத்தனுப்பினார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல் அனுப்பியதால் மூன்று சுவர்க் கடிகாரங்கள் வந்து சேர்ந்தன. சோறு வடிக்க ஒரு பாத்திரம் யாருக்கும் தோன்றவில்லை. அதை டயர் கடைக்காரர் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். கட்டில் மட்டும் பாக்கி. தேவாலயத்திலிருந்து மெத்தை வரும்வரைக்கும் மடக்குக் கட்டில்கள் இருக்கட்டும் என்று வேன் பாய் இரண்டை விட்டுவிட்டுப் போனார்.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். விளக்கை அணைத்தாள், போட்டாள். சின்னவள் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம். ஆனாலும் பெட்டிகளைக் கதவோரம் அடுக்கியவள் அங்கேயே விட்டுவிட்டாள். வேண்டியதை எடுப்பாள், உபயோகிப்பாள், துடைத்துத் திரும்பப் பெட்டியில் வைப்பாள். சமையலறையில் அலமாரி காலியாகக் கிடந்தது. பார்த்துப் பார்த்து அடுக்கலாம், பெரியவள் வந்த பிறகு அடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்குப் பயம். கடைசியாகத் தன் சாமான்களை அலமாரியில் அடுக்கிய வீட்டுச் சுவர் பிளந்துபோனது. எல்லாவற்றையும் எடுத்து வைத்தபிறகு யாராவது வந்து சாயங்காலத்துக்குள் என்று சொன்னால், மறுபடி தாங்க அவளிடம் தெம்பில்லை.

ஞாயிறு வந்தது. பெரியவள் பத்து மணி சுமாருக்கு வருவாள். வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவள் விடியும்போதே எழுந்துவிட்டாள். கட்டிலுக்கு அடியில் பெருக்க வேண்டும், அதனால் கட்டிலை மடக்கினாள். மடக்கிய கட்டில் விரிந்துகொள்ளாமல் இருக்கக் கயிறு போட்டாள். தரையைத் துடைக்க வேண்டும், அதனால் துணிகளைச் சேர்த்து மூட்டையாக்கிக் கதவோரம் வைத்தாள். அடுப்பைத் துடைத்தாள். கோப்பைகளைக் கழுவித் தாளில் சுற்றினாள். மனசு முழுக்க, பெரியவளுக்கு என்ன பிடிக்கும், இப்போதும் அதுதான் பிடிக்குமா, வேறு ஏதாவது மாறியிருக்குமா என்ற யோசனையிலேயே இருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொரு ஞாயிறும் செய்த வேலை, கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்னவளுக்கும் பழக்கம்தான். அவளே செருப்பை மாட்டிக்கொண்டு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு எந்த சாமிம்மா?"

"பொறுடி, பாய் வந்துரட்டும்" என்றாள் அவள், கடைசி முடிச்சை இழுத்துக்கொண்டே.

கதவு திறந்துதான் இருந்தது. பெரியவள் வாசலில் நின்றாள். நல்ல கவுன் போட்டிருந்தாள். அத்தை பின்னிய பின்னல், இரண்டு பக்கமும் இழுத்து வளைத்து, நேர்த்தியாக இருந்தது. பின்னால் நாத்தனார் மூச்சு வாங்க மேல் படியில் நின்றாள். பிள்ளையின் கண் காலி அறையைச் சுற்றி வந்தது. துடைத்த தரை, வெறும் சுவர், மடக்கிய கட்டில், கட்டிய மூட்டை, செருப்போடு பெட்டியில் உட்கார்ந்திருக்கிற தங்கை, நீலக் கயிறு.

"எங்கம்மா போறீங்க?"

அவள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். தான் செய்து வைத்திருப்பதைப் பார்த்தாள்.

"எங்கயும் போகலடி. வீட்டைப் பெருக்கலாம்னுதான்..."

"எல்லாத்தையும் கட்டி வச்சிருக்கீங்க." குரல் உயரவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. பிள்ளை அத்தை பக்கம் திரும்பியது. "வாங்க அத்தை, நாம போலாம். இவங்க கிளம்புறாங்க."

நாத்தனாரின் கை பிள்ளையின் தோளில் இருந்தது. அவள் ஒரு வார்த்தை, சரி வா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். சொல்ல அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஒரு வருஷமாகச் சோறூட்டிய கை அது, ஒரு வருஷமாகப் பக்கத்தில் படுக்க வைத்த பிள்ளை. அவள் கையைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

கை தானாகச் செய்துவிட்டது என்றால் பதினோரு வயசுப் பிள்ளை நம்புமா? கிடங்கில் டேப் வெட்டுகிற கத்தி எப்போதும் பார்சலின் பையில் இருக்கும். அதை எடுத்தாள். துணி மூட்டையின் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினாள். கட்டில் கயிற்றை வெட்டினாள். பெட்டிகளின் கயிற்றை வெட்டினாள். வெட்டிய துண்டுகளை எடுத்து மறுபடி வெட்டினாள், சாண் சாணாக, அதையும் பாதியாக. சின்னவள் பெட்டியிலிருந்து இறங்கி ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"பாரு. இனிமே இதை வச்சு ஒரு செருப்பைக்கூடக் கட்ட முடியாது" என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தாள். வீடு போன அன்று அழாததையும் சேர்த்து அழுதாள். "எனக்குப் பயமா இருந்துச்சுடி. எடுத்து வச்சா திரும்பப் போகச் சொல்லிருவாங்களோன்னு பயம். நீ இல்லாம எடுத்து வைக்கவும் பிடிக்கல. அவ்வளவுதான். நீ வந்து இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா நான் எங்கயும் போகல."

பெரியவள் வாசலிலேயே நின்றாள். உள்ளேயும் வரவில்லை, படியும் இறங்கவில்லை. அம்மா பெட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கன்னாபின்னாவென்று கொட்டினாள். தாள் சுற்றிய கோப்பைகள் உருண்டன. ஒரு பெட்டியிலிருந்து மூன்று கடிகாரங்கள் வெளியே வந்தன.

"எதுக்கு மூணு?" என்றது பிள்ளை.

"ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க."

"மூணும் வேற வேற மணி காட்டுது."

"மூணு இடத்திலேருந்து வந்தா அப்படித்தான் இருக்கும்" என்றாள் நாத்தனார், முகத்தைத் துடைத்துக்கொண்டு. மூன்று பெண்களும் சிரித்தார்கள். சின்னவள் எதற்கென்று தெரியாமல் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

சுத்தியல் இல்லை. பூட்டை எடுத்து ஆணி அடித்தார்கள். முதல் ஆணி வளைந்து விழுந்தது. இரண்டாவது ஆணியைப் பெரியவள் பிடித்துக்கொள்ள, அம்மா அடித்தாள். சுண்ணாம்பு பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது. துடைத்து வைத்த தரை. அவள் அதைப் பெருக்கவில்லை. கடிகாரத்தை மாட்டினார்கள், அலமாரியில் கோப்பைகளை அடுக்கினார்கள். அடுக்கும்போது ஒரு கோப்பை நாத்தனார் கை தவறி உடைந்தது. அவள் பதறிப்போய், "ஐயோ அண்ணி, உங்க கையில ஒண்ணுகூட உடைஞ்சதில்லையே" என்றாள். "உடையட்டும், வீடுன்னா உடையத்தான் செய்யும்" என்றாள் பார்சல். கிடங்கில் கேட்டிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது கீழே தெருவில் ஹாரன் கேட்டது. குட்டையாக இரண்டு தடவை. பெரியவள் சட்டென்று அம்மாவைப் பார்த்தாள்.

"மெத்தை கொண்டு வந்திருக்காரு. கட்டிலை எடுத்துட்டுப் போவாரு. நேத்து புதுசா ஒரு குடும்பம் வந்திருக்காம்" என்றாள் அவள்.

மெத்தை மேலே வந்தது. மடக்குக் கட்டில்கள் கீழே போயின. கட்டுவதற்குத்தான் கயிறு இல்லை. விரிந்துகொள்ளாமல் பிடித்தபடியே இறக்க வேண்டியிருந்தது. வேன் பாய் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, நீயா இப்படி?" என்றார். தரையில் கிடந்த நீலத் துண்டுகளையும் பார்த்திருந்தார், அதனால் மேலே கேட்கவில்லை. "நாத்தனாரை நான் வழியில இறக்கி விட்டுடறேன்" என்றார்.

நாத்தனார் முன் சீட்டில் ஏறினாள். ஏறிவிட்டு, உள்ளே தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இடம் விட்டாள். கதவு திறந்தே இருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. டயர் கடைக்காரர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு குறுக்கே போனார், அவர் போய் முடியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பார்சல் சின்னவளின் கையை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்ததால் குழந்தை முனகியது. பெரியவளைத் தொடவில்லை. தொட்டால் பிடித்து இழுத்ததாக ஆகிவிடும் என்று இன்னொரு கையைப் புடவையில் பொத்தி வைத்துக்கொண்டாள்.

பெரியவள் இரண்டடி முன்னால் போனாள். அத்தையின் மடியில் ஒரு நிமிஷம் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு பின்வாங்கி, வெளியே நின்றபடியே, வேன் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

"யூனிஃபார்மும் பையும் காலையில கொண்டு வந்திருங்க அத்தை. சீக்கிரமா வாங்க."

"வரேன்டி தங்கம்" என்றாள் நாத்தனார். விட்ட இடத்தை அடைத்துக்கொள்ளாமல் அப்படியே ஓரமாக உட்கார்ந்து போனாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப்போன வேன் அன்று அவர்கள் இல்லாமல் போனது. இத்தனை நாள் ஏங்கியது கைக்கு வந்த நேரத்தில் அந்த வேனில் போகிறவளுக்காக ஏங்க வேண்டியிருக்கிறதே என்று பார்சலுக்கு இருந்தது.

மறுநாள் காலையில் சீக்கிரமே நாத்தனார் யூனிஃபார்மோடு படியேறி வந்தாள். உள்ளே அம்மா கையில் சீப்பு இருந்தது. பெரியவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலைமுடி மூன்று கால்களாகப் பிரிந்து கிடந்தது.

"அத்தை எப்படிடி ஆரம்பிப்பாங்க? இப்படியா?"

"இல்லம்மா, நீ தப்பா பிடிக்கிற. இரு, அத்தை வந்துட்டாங்க, அவங்களையே கேளு."

அம்மா நகர்ந்து இடம் விட்டாள். நாத்தனார் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அண்ணியின் விரல்களைப் பிடித்து முடியின் மேல் வைத்தாள்.